எழுந்திருக்கப் படுத்தவர்கள்

(பினாங்கு, டத்தோ கிராமாட்டில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

டத்தோ கிராமாட்டில் யாராவது இறந்துவிட்டால், செய்தி கேட்டவர் வாயில் வரும் இரண்டாவது கேள்வி, "எங்கே எடுக்கிறாங்க?" என்பது. பத்து லஞ்சாங் என்று பதில் வந்தால் இந்து வீடு, தகனம். மவுண்ட் எர்ஸ்கின் என்றால் சீனர் வீடு. வெஸ்டர்ன் ரோடு என்றால் கிறிஸ்தவ வீடு. அந்தச் சாலைக்கு ஜாலான் உத்தாமா என்று பெயர் மாறி வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் துக்க வீட்டு வாசலில் நின்று பேசும் பெரியவர்களுக்கு அது இன்றும் வெஸ்டர்ன் ரோடுதான்.

இந்த வட்டாரத்தின் பெயரிலேயே ஓர் அடக்கத்தலத்தின் வாசம் உண்டு. கராமத் என்ற அரபுச் சொல் மலாயில் கெராமாட் ஆனது. இறையருள் பெற்றவர் என்று மக்கள் மதித்த ஒருவரையும், அவர் அடங்கிய இடத்தையும் மலாய் வழக்கில் அந்த ஒரே சொல்லால் குறிப்பார்கள். கொஞ்சம் நடந்தால் டிரான்ஸ்ஃபர் ரோட்டில் மலபாரிலிருந்து வந்த டத்தோ கோயாவின் மக்காம் இருக்கிறது. ஆக, இங்கே கூடியிருப்பவர்களுக்குக் கல்லறை என்பது ஊருக்கு வெளியே எங்கோ கிடக்கும் விஷயம் அல்ல. வீட்டு முகவரியிலேயே இருக்கிறது.

ஒரே தீவு. ஆனால் இறந்தவர்கள் பார்க்கும் திசைகள் வேறு வேறு. இஸ்லாமியரை வலப்புறம் ஒருக்களித்துக் கிப்லாவைப் பார்க்கக் கிடத்துவார்கள். பினாங்கிலிருந்து மெக்கா மேற்கே, சற்று வடக்கு ஒட்டி. சீனருக்கு முதுகுக்குப் பின்னால் மலை வேண்டும், முன்னால் நீர் தெரிய வேண்டும். தமிழ் இந்து வீட்டில் தெற்கே தலை. கிறிஸ்தவ மரபில் தலை மேற்கே, கால் கிழக்கே. அப்படிக் கிடத்தியவர் எழுந்து உட்கார்ந்தால் சூரிய உதயம் நேராக முகத்தில் அடிக்கும். இறந்தவரை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் யோசித்ததன் பின்னணியே இதுதான்: இவர் எழப்போகிறார், எழும்போது வருபவரைப் பார்க்க வேண்டும். சில நாடுகளில் குருவானவரை மட்டும் திருப்பிப் போட்டுப் புதைத்தார்கள். எல்லாரும் எழும்போது அவர் தம் பங்கு மக்களைப் பார்த்தபடி எழ வேண்டுமாம். செத்த பிறகும் பிரசங்கத்திலிருந்து விடுதலை இல்லை!

வெஸ்டர்ன் ரோட்டில் காந்தமுள்ளை எடுத்துக்கொண்டு யாரும் அளக்கப் போக வேண்டாம். சரிவு, நடைபாதை, இட நெருக்கடி, எல்லாம் சேர்ந்துதான் இன்றைய குழியின் திசையைத் தீர்மானிக்கின்றன. திசை தவறலாம், எண்ணம் மாறவில்லை. கிறிஸ்தவ அடக்கச் சடங்கில் எதைத் தொட்டாலும் அது ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். அங்கே செய்வதெல்லாம் படுக்கப் போகிறவருக்குப் பாய் விரிக்கும் வேலை. காலையில் எழுப்ப ஆள் வரும் என்ற நம்பிக்கையில் விரித்த பாய்.

முதலில் சொற்களைப் பார்க்கலாம். கிரேக்கத்தில் கல்லால் செய்த பிணப்பெட்டிக்கு 'சார்க்கோஃபகஸ்' என்று பெயர். நேர்ப்பொருள் 'சதை தின்னி'. ஒருவகைக் கல் உடலை விரைவில் அரித்துவிடும் என்று அக்காலத்தில் நம்பியதால் வந்த பெயர். அதே கிரேக்கம் பேசிய கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தவர்களின் இடத்துக்கு 'கொய்மெத்தேரியோன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பொருள் உறங்குமிடம். ஆங்கிலத்தின் 'செமிட்ரி' அதன் பேரப்பிள்ளை. ஒரே மொழி, ஒரே குழி. ஒருவருக்கு அது தின்னும் வாய், இன்னொருவருக்குப் படுக்கையறை.

தமிழ்ச் சுவிசேஷ சபைகளின் துக்க அறிவிப்புகளில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போடுவது இந்த உறக்கத்தின் தொடர்ச்சிதான். கத்தோலிக்கர் 'நல்லடக்கம்' என்பார்கள். அடக்கம் என்ற சொல் தமிழில் எத்தனை வேலை செய்கிறது! பணிவுக்கும் அதுதான், திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஒன்றுக்குள் இன்னொன்று அடங்கியிருப்பதற்கும் அதுதான். இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் இறந்தவரை மண்ணில் வைப்பதற்கு இந்த ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கிறார்கள். 'புதைத்தார்கள்' என்று எந்தத் துக்க அறிவிப்பும் சொல்வதில்லை. புதைப்பது ஒளித்துவைப்பது, அடக்கம் செய்வது ஒன்றின் மடியில் ஒப்படைப்பது.

உறக்கம் என்ற உருவகம் தமிழ் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்கு ஜி.யு.போப் கதை ஒன்றே போதும். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதியிருக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் இதைச் சொல்லிப் பரிசு வாங்காத பிள்ளை குறைவு. 1908இல் இறந்த போப்பின் கல்லில் அந்த வாசகம் கிடையாது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்பதும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்தார்கள் என்பதும்தான் அதில் உள்ளது. தமிழர்கள் காசு போட்டு வைத்த கல் என்ற உண்மையே போதுமான பெருமை. ஆனால் கற்பனை செய்தவரும் பாருங்கள், 'இறந்து கிடக்கிறான்' என்று எழுதவில்லை. 'உறங்குகிறான்' என்றே எழுதினார். கதை பொய், அதன் இறையியல் மட்டும் அச்சு அசலான கிறிஸ்தவம்.

சடங்குக்கு வருவோம். கத்தோலிக்க அடக்கத் திருப்பலியில் பெட்டி ஆலய வாசலுக்கு வந்ததும் குருவானவர் தீர்த்தம் தெளிக்கிறார். பல இடங்களில் பெட்டிமேல் வெள்ளைத் துணி விரிக்கிறார்கள். தலைமாட்டில் பாஸ்கா திரி எரிகிறது. தண்ணீர், வெள்ளை உடை, ஒளி. இந்த மூன்றையும் அந்த ஆள் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கிறார். கைக்குழந்தையாக ஞானஸ்நானத் தொட்டியருகே அவரைத் தூக்கி நின்றபோது. பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தில் ஞானஸ்நானத்தையே ஓர் அடக்கமாகத்தான் விளக்குகிறார்: தண்ணீருக்குள் முங்குவது கிறிஸ்துவோடு கல்லறைக்குள் இறங்குவது, தண்ணீரைவிட்டு வெளிவருவது அவரோடு எழுவது. அப்படிப் பார்த்தால் ஒரு கிறிஸ்தவருக்கு முதல் அடக்கம் குழந்தையிலேயே முடிந்துவிடுகிறது. வெஸ்டர்ன் ரோட்டில் நடப்பது இரண்டாவது.

கட்டடக் கலைஞர்களும் இதைக் கல்லில் எழுதிவைத்தார்கள். ரோமில் உள்ள லாத்தரன் ஞானஸ்நான மண்டபம் எண்கோண வடிவம். வாரத்துக்கு ஏழு நாள்; கிறிஸ்து எழுந்த ஞாயிறு எட்டாம் நாள், அதாவது காலண்டரில் இல்லாத புது நாள். அதனால் எட்டு மூலை. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் ஆயராக இருந்த சிரில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் இருந்தது என்ற பொருளில் பேசினார். கல்லறையும் கருவறையும் ஒன்றாகும் இந்த இடத்தில் தமிழ்க் காது சட்டென்று விழித்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் கிறிஸ்தவம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் மக்கள் தம் இறந்தவர்களைப் பெரிய மண்தாழிகளில் வைத்து அடக்கம் செய்தார்கள். வயிறு பருத்த அந்தத் தாழியைத் தாயின் வயிறாகப் பார்ப்பவர்கள் உண்டு. கணவனை இழந்த பெண்ணொருத்தி குயவனிடம் தாழியை இன்னும் அகலமாக வனையச் சொல்லும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தானும் உள்ளே இடம் பெற வேண்டும் என்பதற்காக. மவுண்ட் எர்ஸ்கின் சரிவில் சீனர் கட்டிய குதிரைலாட வடிவக் கல்லறைகளுக்கும் கருப்பை என்றே ஒரு விளக்கம் சொல்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் பிறையின் குவார் கெபாவில், 2017இல், கிளிஞ்சல் மேட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' என்று பெயர் வைத்தார்கள். ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. பக்கத்தில் மட்பாண்டம், கற்கருவி. யாரோ அவளுக்கு ஏதோ தேவைப்படும் என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். மனிதன் மண்ணுக்குள் ஒருவரை வைக்கும்போது வெறுமனே மூடிவிட்டுத் திரும்பியதாக இந்தப் பக்கத்து மண்ணில் சான்று இல்லை.

அப்படியானால் கிறிஸ்தவம் சேர்த்தது என்ன? விதை.

கொரிந்து நகரத்துச் சபையில் ஒரு சந்தேகக்காரர் கேட்டிருக்க வேண்டும்: செத்தவர் எழுவார் என்கிறீர்களே, எந்த உடலோடு எழுவார்? அழுகிப்போன அதே உடலோடா? பவுல் கோபத்தோடுதான் பதில் எழுதுகிறார். வயலுக்குப் போய்ப் பார், நீ போடுவது வெறும் மணி, முளைப்பது பயிர். மணி சாகாமல் பயிர் இல்லை. போட்டதும் முளைத்ததும் ஒன்றுபோல் இருப்பதும் இல்லை, ஆனால் ஒன்றின்றி மற்றது இல்லை. யோவான் நற்செய்தியில் இயேசு தம் சாவைப் பற்றிப் பேசும்போதும் நிலத்தில் விழும் கோதுமை மணியைத்தான் எடுக்கிறார். விவசாயியின் மொழி இது. எகிப்தியரைப் போல உடலைக் கெடாமல் காப்பாற்ற வேண்டும் என்ற கவலையே இதில் இல்லை. கெட்டால்தான் முளைக்கும்.

இந்த உருவகம் கிறிஸ்தவ வேலியைத் தாண்டித் தமிழில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஈழம் ஒரு சான்று. தமிழீழ விடுதலைப் புலிகள் தம் போராளிகளைத் தகனம் செய்வதை விட்டு மண்ணில் வைக்கத் தொடங்கியபோது, பெரும்பான்மை இந்துக்களான ஒரு சமூகத்தில் அது பெரிய மாற்றம். அந்த இடங்களுக்குத் 'துயிலும் இல்லம்' என்று பெயரிட்டார்கள். உடலுக்கு 'வித்துடல்' என்றார்கள். புதைக்கவில்லை, விதைக்கிறோம் என்பது அவர்கள் மேடைப் பேச்சாயிற்று. அந்த அரசியலைப் பற்றி அவையில் இருப்போருக்கு ஆளுக்கொரு கருத்து இருக்கும். அது இன்றைய பேச்சு அல்ல. உறங்குமிடம் என்ற பழைய கிரேக்கச் சொல்லும், விதை என்ற பவுலின் உவமையும் யாரும் திட்டமிட்டுக் கடத்தாமலே ஒரு தமிழ்ப் போர்க்களத்தில் வந்து நின்றதைக் கவனித்தால் போதும். ஒரு வேறுபாட்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அங்கே விதையிலிருந்து எழ வேண்டியது அடுத்த போராளி. பவுலின் வயலில் விதைத்த அதே ஆள்தான் முளைக்க வேண்டும். யாழ்ப்பாணம் கோப்பாயில் இருந்த துயிலும் இல்லத்தைப் போருக்குப் பின் இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் படைப்பிரிவுத் தலைமையகம் கட்டினார்கள். கல்லறைக்குப் பொருள் இல்லை என்று நினைப்பவர்கள் அதை இடிக்க இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வதில்லை.

குழியருகே நடப்பதைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பினாங்கு மழை பெய்து ஓய்ந்த பிற்பகல். தோண்டிக் குவித்த மண் களியாகிச் செருப்பில் அப்புகிறது. கயிற்றில் பெட்டியை இறக்கும் நால்வரில் ஒருவர் கயிற்றைச் சீக்கிரம் விட்டுவிட, தலைப்பக்கம் சற்றுச் சாய்கிறது. கூட்டத்தில் ஒரு பெண் 'ஐயோ, மெதுவா' என்கிறாள், உள்ளே இருப்பவருக்கு வலிக்கும் என்பதுபோல. பெட்டி தரையைத் தொட்டதும் கயிற்றை உருவும் சத்தம். குருவானவரோ போதகரோ ஜெபித்து முடித்ததும் முதல் பிடி மண். காய்ந்த மண்ணாக இருந்தால் பலகையில் சிதறும். இந்த ஊர் ஈரமண் கட்டியாக விழுந்து 'தொப்' என்கிறது. அந்தச் சத்தத்தில்தான் அதுவரை அழாமல் நின்ற ஆண் உடைவான். பிறகு ஒவ்வொருவராகப் பிடி மண், பிள்ளைகளுக்கு மட்டும் பூவிதழ். கை கழுவத் தண்ணீர் வாளி ஓரமாகக் காத்திருக்கிறது.

அந்தப் பிடி மண்ணை யார் போட வேண்டும் என்பதற்கே வரலாறு உண்டு. ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஜெபப் புத்தகம் 1549இல் வந்தபோது குருவானவர் மண்ணைப் போட வேண்டும் என்றது. மூன்றே ஆண்டில், 1552 பதிப்பில், பக்கத்தில் நிற்பவர்கள் போடட்டும் என்று மாற்றினார்கள். சின்னத் திருத்தம்தான். ஆனால் மண் போடும் கை சபையின் கையாக, சொந்தக்காரரின் கையாக மாறியது அங்கேதான். வெஸ்டர்ன் ரோட்டில் வரிசையில் நின்று பிடி மண் போடுகிறவர் யாரும் இதை யோசிப்பதில்லை. யோசிக்கவும் வேண்டாம், கைக்குத் தெரிகிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மண் இன்னும் ஒரு வழியில் நெருக்கம். மயிலாப்பூரில் புனித தோமாவின் நினைவிடத்திலிருந்து பக்தர்கள் செம்மண் எடுத்துப்போய்க் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் டி பிரிட்டோ வெட்டுண்ட ஓரியூரில் சிவந்த மண்ணை அவர் இரத்தம் என்று சொல்லி இன்றும் முடிந்துகொண்டு போகிறார்கள். மேலிருந்து பார்க்கும் படித்தவருக்கு இது மூடநம்பிக்கையாகத் தோன்றலாம். ஒரு கோணத்தில் இது மிகவும் நேரான தர்க்கம்: விதை விழுந்த மண்ணில் ஏதோ வேலை நடக்கிறது.

பெரிய வெள்ளியன்று தூத்துக்குடி, குமரிக் கடலோரங்களில் இறந்த ஆண்டவரின் சொரூபத்தைத் தூம்பாவில் வைத்துத் தூக்கிவருகிறார்கள். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. அங்கே பிணம் தூக்கும் பெட்டிக்கும் அதுவே பெயர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் அதையே ஆசந்தி என்பார்கள். ஊர்க்காரனுக்குத் தூக்கிய தூம்பாவும் ஆண்டவருக்குத் தூக்கும் தூம்பாவும் ஒரே பெயரில் இருக்கும் ஊரில், சாவு வீட்டுக்காரருக்கு யாரும் தனியாக இறையியல் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சிக்கல் மிச்சம். குழியே இல்லாதவர்கள்?

கி.பி. 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற ரோமானியர், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி எப்படி எழுகிறார்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டதாக அந்தச் சபையின் கடிதம் சொல்கிறது. சற்றுப் பிந்தி வந்த மினூசியஸ் ஃபெலிக்ஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் நிதானமாகப் பதில் தருகிறார்: எப்படி அழிந்தாலும் எங்களுக்கு நஷ்டம் இல்லை, பழையதும் நல்லதுமான வழக்கம் என்பதால் மண்ணில் வைக்கிறோம், அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' முக்கியம். அடக்கம் ஓர் அடையாளம். அடையாளத்தின்மேல் கடவுளின் கை கட்டப்படவில்லை.

பினாங்கிலேயே இதற்கு ஒரு கடல் சாட்சி உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியலில் பொய்யாக ஒரு நான்காம் புகைக்கூண்டைக் கட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தமிழில் 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அதே எம்டன். நங்கூரம் போட்டு நின்ற ரஷ்யக் கப்பல் ஷெம்சுக் அடிபட்டு மூழ்கியது. அதன் தளபதி அந்த நேரம் கரையில் இருந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். சிலரின் உடல்கள் மட்டும் வெஸ்டர்ன் ரோட்டில் அடங்கின. அங்கே இன்றும் நினைவுச் சின்னம் நிற்கிறது, ரஷ்யத் தூதரகத்தார் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். பலர் கடலோடு போனார்கள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை உடலை மண்ணில் வைப்பதில் மிகக் கண்டிப்பானது. தகனத்தை இன்றுவரை விரும்பாதது. அந்தச் சபையும் கடலில் போனவர்களுக்காக அதே ஜெபத்தைத்தான் சொல்கிறது.

அதே வெஸ்டர்ன் ரோட்டில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட படைவீரரின் கல்லறைகளும் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1918 முதலே கடைப்பிடித்த விதிப்படி தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரக் கல். நல்ல விதி. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவ்விதிப்படி ஏறத்தாழ 7,000 கற்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதையில் 1942க்கும் 1943க்கும் இடையே உழைத்து மாண்ட நேசப்படைக் கைதிகளின் கற்கள் அவை. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு ஒரு கூழாங்கல்லும் இல்லை. இந்து, கிறிஸ்தவன், முஸ்லிம் என்று பிரிக்கக்கூட யாரும் நேரம் எடுக்கவில்லை. கிறிஸ்தவக் கல்லறையில் பெயரைப் பொறிப்பதற்குக் காரணம், எழுப்புபவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்ற நம்பிக்கை. கல் இல்லாதவர் பெயரும் அவருக்குத் தெரியும் என்பதும் அதே நம்பிக்கைதான். ஆனால் அதைச் சொல்லி மனிதர் தம் கடமையிலிருந்து நழுவுவது நியாயமாகப் படவில்லை.

அடையாளத்தைக் காப்பாற்ற வேண்டியவர்களே கெடுத்த கதைகளும் உண்டு. 1662 ஜெபப் புத்தகம் ஞானஸ்நானம் பெறாதவருக்கும், தற்கொலை செய்துகொண்டவருக்கும் இந்த அடக்க முறைமையைப் பயன்படுத்தக் கூடாது என்று தொடக்கத்திலேயே குறிப்பு எழுதிற்று. கத்தோலிக்க ஊர்களில் ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த சிசுவை மந்திரித்த மண்ணுக்கு வெளியே, வேலியோரம் வைத்தார்கள். பிள்ளையையும் இழந்து, அது எழும் என்ற நம்பிக்கையையும் இழந்து திரும்பிய தாய்மார் எத்தனை பேர்! 1983இல் வந்த திருச்சபைச் சட்டம் அத்தகைய பிள்ளைகளுக்கும், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால், அடக்கச் சடங்கை அனுமதித்தது. 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையம் அவர்கள் மீட்பைப் பற்றி நம்பிக்கை வைக்கத் தக்க காரணங்கள் உண்டு என்று எழுதியது. வேலியோரக் குழிகளுக்கு அந்தக் காகிதம் போய்ச் சேர வெகு தாமதம்.

இன்னொன்று தமிழரின் சொந்தச் சரக்கு. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர், மறுபக்கம் மற்றவர். ஒரே ஞானஸ்நானத் தண்ணீர், ஒரே பாஸ்கா திரி, ஒரே விதை உவமை, நடுவே செங்கல். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுவார்கள் என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்பவர்கள் எழும்போது நடுவில் சுவர் வேண்டும் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. சுவரை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. குருக்களின் பிரசங்கங்களைவிட அந்தப் போராட்டக்காரர்கள் அடக்கத்தின் பொருளை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள் என்று சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது.

நார்தம் ரோட்டின் பழைய கல்லறைத் தோட்டம் இன்னொரு வகைப் பாடம். இந்தத் தீவில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1794 அக்டோபர் 21 அன்று மலேரியாவில் இறந்து அங்கே கிடக்கிறார். சயாம் அரண்மனை ஆசிரியையாகப் பின்னால் புகழ்பெற்ற அன்னாவின் கணவர் தாமஸ் லியோனோவென்ஸ், 1859இல் இறந்தவர், அங்கேதான். பக்கத்திலேயே கத்தோலிக்கருக்குத் தனி இடம். கம்போஜாப் பூக்கள் உதிர்ந்து கிடக்கும். மலாய்க்காரர்கள் அதைக் கல்லறைப் பூ என்று வீட்டு முற்றத்தில் வைக்கத் தயங்குவார்கள். இலை முழுக்க உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் கிளை நுனியில் பூத்துவிடும் மரம் அது. நட்டவர்கள் இறையியல் யோசித்து நட்டார்களா, நிழலுக்கு நட்டார்களா, தெரியாது. பல கற்களில் எழுத்து தேய்ந்துவிட்டது. விரலால் தடவினால் ஓர் எண் மட்டும் கிடைக்கும், பெயர் கிடைக்காது.

இப்போது இடம் இல்லை. பினாங்கு சின்னத் தீவு. அடுக்குமாடி வீடுகளைப் போலவே சாவுக்கும் மாடி கட்ட வேண்டிய நிலை. தகனத்தைக் கிறிஸ்தவம் நெடுங்காலம் வெறுத்தது. சாக்சன் மக்கள் பிணம் எரித்தால் மரண தண்டனை என்று 785 வாக்கில் சார்லமேன் சட்டம் போட்டார். ஐரோப்பாவில் மறுமையை மறுப்பவர்கள் தகனத்தை ஒரு கொடியாகப் பிடித்தபோது, 1886இல் ரோம் அதைத் தடை செய்தது. 1944இல் இறந்த கேன்டர்பரிப் பேராயர் வில்லியம் டெம்பிளின் உடல் தகனமானதும் ஆங்கிலிக்கன் தயக்கம் வெகுவாகத் தளர்ந்தது. 1963இல் கத்தோலிக்கத் திருச்சபையும், உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் சரி என்றது. 2016இல் ஒரு நிபந்தனையை அழுத்திச் சொன்னது: சாம்பலை வீட்டில் வைக்கக் கூடாது, பிரித்துக்கொள்ளக் கூடாது, காற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, மந்திரித்த இடத்தில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எரித்த பிறகும் விதையைச் சிந்தவிட மனம் வரவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இன்னும் "நம்ம ஆளைச் சுடுறதா?" என்ற பேச்சு ஓயவில்லை. எரிப்பது இந்து வழக்கம், மண்ணில் வைப்பது நம் வழக்கம் என்று நூறு இருநூறு ஆண்டுகளாகப் பழகிய அடையாளம் அது. ரோமின் கடிதம் அதை அவ்வளவு எளிதில் கழுவிவிடாது. ஆனாலும் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும்போது புல் வெட்ட யார் வருவார்கள்? அஸ்திமாடம் பக்கம் கணக்கு மெல்லச் சாய்கிறது.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ தொடங்கிவைத்த வழக்கப்படி, ஆண்டுதோறும் நவம்பர் 2 இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். தமிழில் கல்லறைத் திருநாள். அன்றைக்கு நாலு நாள் முன்பே குடும்பங்கள் வாளி, துடைப்பம், வெள்ளைச் சுண்ணாம்போடு கிளம்பிவிடும். பாசி சுரண்டி, எழுத்துக்குக் கறுப்பு மை பூசி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தியை உருக்கி ஒட்டி நிறுத்துவார்கள். குருவானவர் ஒவ்வொரு வரிசையாக நடந்து தீர்த்தம் தெளித்துக் கல்லறை மந்திரிப்பார். புதுமண் தீர்த்தத்தை உடனே குடித்துவிடும்.

அஸ்திமாடத்தில் அன்றைய காட்சி வேறு. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கதவுகள், ஒவ்வொன்றிலும் பெயரும் இரண்டு தேதியும். தீர்த்தம் பளிங்கில் வழிந்து தரைக்கு வந்துவிடுகிறது. உள்ளே புகை கூடாது என்பதால் சில இடங்களில் பேட்டரி மெழுகுவர்த்திதான். மேல் வரிசையில் இருக்கும் அம்மாவைத் தொட ஸ்டூல் வேண்டும். பேரனைத் தூக்கி நிறுத்திக் கும்பிடச் சொல்லும் பாட்டி, திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்: "இதுல கிழக்கு எந்தப் பக்கம்?" பையன் கைத்தொலைபேசியை எடுத்துத் திசைகாட்டியைத் திறக்கிறான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் முள் குழம்பி, சுற்றிச் சுற்றி ஆடுகிறது.